வாசகர் கேள்வி – பதில்: கொரோனா நாள் கணக்கு

2021ஆம் ஆண்டில் நாட்டில் பதிவான இறப்புகளின் விவரத்தைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து, பெருந்தொற்றுக் காலத்தில் நாள்தோறும் சொல்லப்பட்ட எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருள் குறித்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஊரடங்கு தொடங்கிய நாள் முதல் மாலைச் செய்தியில் சொன்ன பாதிப்பு, உயிரிழப்பு எண்களை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். இப்போது இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளோடு ஒப்பிட்டால் பல நாட்களின் எண்கள் பொருந்தவில்லை. எது சரியான கணக்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, தாங்கள் எழுதிவைத்ததில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. அட்டவணைகளிலும் பெரும்பாலானவை பிழையற்றவையே. இரண்டும் வெவ்வேறு தேதிகளின் கணக்கைச் சொல்கின்றன.

மாலை அறிக்கையில் வந்த எண், அன்றைய தினம் நோயுற்றவர்களின் எண் என்றே நம்மில் பலரும் எடுத்துக்கொண்டோம். ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே கஷாயம் குடித்துப் பார்த்து, பிறகு காய்ச்சல் முகாமுக்குப் போய், மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி கொடுத்து, அது ஆய்வகத்துக்குச் சென்று, முடிவு வந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இணையதளத்தில் பதிவேற்றப்பட்டு, முகவரியைப் பார்த்து எந்த மாவட்டத்துக்குரியவர் என்று பிரிக்கப்பட்ட பிறகுதான் அவர் மாநில அறிக்கையில் ஓர் எண்ணாக ஆனார். அலை உச்சத்தில் இருந்தபோது இதற்கு ஒரு வாரம்கூட ஆனது. ஆகவே தங்கள் நோட்டில் உள்ளது, அரசுக்குத் தகவல் வந்து சேர்ந்த தேதியின் கணக்கு. சில அட்டவணைகள் அதே எண்ணை மாதிரி எடுத்த தேதிக்கோ, இறந்த தேதிக்கோ பின்னால் தள்ளிப் போட்டிருக்கும்.

இறப்பில் இந்த இடைவெளி இன்னும் கூடுதல். தமிழகப் பொது சுகாதாரத் துறையின் அன்றாடச் செய்திக்குறிப்பை முழுவதும் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதல் பக்கத்தில் மொத்த எண்கள். அடுத்து மாவட்ட வாரியான பட்டியல். அதன் கீழே விமான நிலையத்தில் கண்டறியப்பட்டவர்களுக்கும் ரயிலில் வந்தவர்களுக்கும் தனித்தனி வரிகள். அதற்குப் பின்னால், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்ததா, என்ன தொந்தரவோடு எந்த மருத்துவமனையில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் என்ன காரணத்தால் இறந்தார் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பத்திகளை நிதானமாகப் படித்தால், ‘இன்றைய உயிரிழப்பு’ என்று தலைப்பில் வந்தவர்களில் பலர் முந்தைய நாளிலோ, அதற்கும் பல நாள் முன்னரோ இறந்தவர்கள் என்பது தெரியும். மொத்த எண்ணை மட்டும் வெளியிட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட மாநிலங்களும் உண்டு. ஒவ்வொரு இறப்பையும் தனித்து எழுதிய அந்த வழக்கம் மிகவும் பாராட்டத்தக்கது. அதற்காக இரவு பகலாக உழைத்த மருத்துவமனை ஊழியர்களுக்கும் துறை ஊழியர்களுக்கும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தங்கள் நோட்டில் 2020 ஜூலை 22ஆம் தேதியைப் பாருங்கள். மாநிலத்தின் மொத்த உயிரிழப்பு அன்று திடீரென ஏறியிருக்கும். சென்னையில் மார்ச் முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்த இறப்புகளில் விடுபட்டவற்றை ஆராய அமைக்கப்பட்ட குழு கண்டறிந்த 444 இறப்புகள் அன்று மொத்தக் கணக்கில் சேர்க்கப்பட்டன. மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தவை மாநிலப் பட்டியலுக்கு வந்து சேராமல் போனதே விடுபட்டதற்குக் காரணம். இதைவிடப் பெரிய திருத்தத்தை 2021 ஜூனில் பீகார் செய்தது. 3,951 பழைய இறப்புகளை அந்த மாநிலம் ஒரே நாளில் சேர்த்ததால், ஜூன் 10ஆம் தேதி நாட்டின் ஒரு நாள் உயிரிழப்பு 6,148 என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் அத்தனை பேர் இறக்கவில்லை. வரைபடத்தில் மட்டும் அது இன்றும் செங்குத்தான கோடாக நிற்கிறது. காரணம் அறியாமல் அதைப் பார்ப்பவர்கள், அலை வடியத் தொடங்கிய அந்தக் காலத்தைத்தான் நாட்டின் மிகக் கொடிய நாளாகக் கொள்வார்கள்.

கேள்வி: திங்கள், செவ்வாய் வந்தால் மட்டும் எண்ணிக்கை குறைந்ததே, ஏன்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வார இறுதியில் மாதிரி கொடுக்க வந்தவர்களும் குறைவு, ஆய்வகங்களில் பணியில் இருந்தவர்களும் குறைவு. அதனால் திங்கள், செவ்வாய் அறிக்கைகள் சற்று இறங்கி, புதன் முதல் மீண்டும் ஏறும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்து, தொற்று உண்மையில் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். தொலைக்காட்சிகள் ‘நேற்றைவிட இன்று குறைவு’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘சென்ற வாரம் இதே நாளைவிடக் குறைவு’ என்று சொல்லியிருந்தாலே மக்களுக்கு வீண் நம்பிக்கையும் வீண் அச்சமும் பாதியாகக் குறைந்திருக்கும்.

கேள்வி: அரசு சொன்ன பாதிப்பு எண்ணிக்கைக்கும் உண்மையில் தொற்று வந்தவர்களின் எண்ணிக்கைக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும்?
– பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

பதில்: பெரிய வேறுபாடு. 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழகம் முழுவதும் ரத்த மாதிரிகள் எடுத்து, உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். சுமார் 32 சதவீதம் பேருக்கு அது இருந்தது. மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால், ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேருக்கு அதற்குள் தொற்று வந்து போயிருந்தது என்றும், அது பரிசோதனையில் உறுதியான எண்ணிக்கையைப் போல் சுமார் 36 மடங்கு என்றும் அந்த ஆய்வு கணித்தது. அறிகுறியே இல்லாமல் வந்து போனது, சளிக் காய்ச்சல் என்று விட்டுவிட்டது, சோதனைக்குப் போனால் தெருவை அடைத்து வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் போகாமல் இருந்தது என்று காரணங்கள் பல.

பாதிப்பு எண்ணிக்கையைத் தனியே பார்க்கக் கூடாது என்று வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். அதே அறிக்கையில் அருகிலேயே இருந்த ‘பரிசோதிக்கப்பட்ட மாதிரிகள்’ என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு பேரைச் சோதித்ததில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதே முக்கியமான கணக்கு. இந்த விகிதம் தொடர்ந்து இரண்டு வாரம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்த பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதத்தில் கூறியது. சோதனையைக் குறைத்தால் பாதிப்பும் குறைந்ததுபோல் காட்டிவிடலாம். ஆனால் அப்போது விகிதம் ஏறி உண்மையைச் சொல்லிவிடும்.

எந்தச் சோதனை என்பதும் கணக்கை மாற்றும். தமிழகம் பெரும்பாலும், மாதிரியில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே நம்பியிருந்தது. சில மாநிலங்கள் அரை மணி நேரத்தில் முடிவு தரும் விரைவு ஆன்டிஜென் சோதனையைப் பெருமளவில் பயன்படுத்தின. அந்தச் சோதனை தொற்றுள்ளவர்களில் கணிசமானோரைத் தவறவிடக் கூடியது. ஆகவே அந்நாட்களில் ‘எங்கள் மாநிலத்தைவிட உங்கள் மாநிலத்தில்தான் அதிகம்’ என்று நடந்த விவாதங்களில் பெரும்பாலானவை, ஒப்பிடக் கூடாத இரண்டை ஒப்பிட்டவை.

கேள்வி: 2021 மே மாதம் என் கணவர் தனியார் மருத்துவமனையில் இறந்தார். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பெருமளவு பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்தது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை. அன்றைய கணக்கில் அவர் சேர்க்கப்படவே இல்லையா?
– வாசகி, சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துக் கலங்கினோம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மாநகராட்சியோ நகராட்சியோ தரும் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் யாருக்குமே இடம்பெறாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, காரணத்தை அந்தச் சான்றில் வெளியிடக் கூடாது என்கிறது. காரணம் எழுதப்படுவது வேறொரு தாளில். மருத்துவமனையில் இறந்தால், சிகிச்சையளித்த மருத்துவர் ‘படிவம் 4’ என்ற மருத்துவக் காரணச் சான்றை நிரப்பிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதில் உடனடிக் காரணம், அதற்கு இட்டுச்சென்ற அடிப்படைக் காரணம், உடன் இருந்த மற்ற நோய்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் குழப்பம் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் நேர்ந்தது. ‘மூச்சுத் திணறல்’, ‘இதய நிறுத்தம்’ என்று கடைசி நிமிடத்தில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு மூலமான தொற்றை எழுதாமல் விட்ட சான்றுகள் உண்டு. சோதனையில் உறுதியாகாவிட்டாலும் அறிகுறிகளும் ஸ்கேனும் தொற்றையே காட்டினால் அதைச் ‘சந்தேகத்துக்குரிய கோவிட்’ என்று தனிக் குறியீட்டில் பதியலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020லேயே வழிகாட்டியிருந்தது. ஆனால் நாள்தோறும் அறிவிக்கப்பட்ட உயிரிழப்பில், சோதனையில் உறுதியானவர்களே பெரும்பாலும் இடம்பெற்றார்கள். ஆகவே உங்கள் கணவர் அன்றைய எண்ணிக்கையில் இடம்பெறாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அது நீங்களோ அவரோ செய்த பிழையினால் நேர்ந்ததன்று. மூக்கிலிருந்து எடுக்கும் மாதிரியில் கிருமி அகப்படாமல், நுரையீரலில் நோய் முற்றியிருப்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலைமை.

கோவிட் இறப்புகளுக்கான உதவித்தொகை, சான்றிதழ் குறித்து உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30ஆம் தேதி அளித்த தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறியது. மத்திய சுகாதார அமைச்சகமும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஆர்.டி.பி.சி.ஆர். அல்லது ஆன்டிஜென் சோதனையில் உறுதியானவர்களோடு, மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது மற்ற பரிசோதனைகளின் அடிப்படையில் மருத்துவர் தொற்று என்று தீர்மானித்தவர்களும் கோவிட் நோயாளிகளே. தொற்று கண்டறியப்பட்ட 30 நாட்களுக்குள் வீட்டில் இறந்திருந்தாலும் அது கோவிட் இறப்பே. குடும்பத்தாருக்கு 50,000 ரூபாய் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. சான்றில் திருத்தம் கோருபவர்களுக்காக மாவட்டந்தோறும் குழு அமைக்கப்பட்டது.

இந்த வழி திறந்தபோது, விடுபட்டவர்கள் எவ்வளவு பேர் என்பது ஓரளவு வெளிப்பட்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விவரப்படி, குஜராத்தின் அதிகாரபூர்வ உயிரிழப்பு சுமார் 10,100. உதவித்தொகை கேட்டு வந்த விண்ணப்பங்களோ சுமார் 89,600. அவற்றில் 68,000க்கும் மேற்பட்டவை அப்போதே ஏற்கப்பட்டிருந்தன. அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைப் போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களின் இழப்பை அரசே ஒப்புக்கொண்டு பணம் கொடுத்தது.

உங்களுக்கு இப்போது என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2022 மார்ச் 20க்கு முந்தைய இறப்புகளுக்கு விண்ணப்பிக்க நீதிமன்றம் 60 நாள் கெடு விதித்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆயினும், மிகுந்த இன்னலால் உரிய காலத்தில் விண்ணப்பிக்க முடியாதவர்கள் குறைதீர்க்கும் குழுவை அணுகலாம் என்று அதே உத்தரவில் ஒரு வாய்ப்பு வைக்கப்பட்டது. அந்த மருத்துவமனையிடம் சிகிச்சைச் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை, படிவம் 4இன் நகல் ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். அவற்றை இணைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கிடைப்பது உறுதி என்று நாங்கள் சொல்ல இயலாது. மறுத்தால் அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடும் முறை என்ன? ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு விகிதம் வந்தது.
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: மொத்த உயிரிழப்பை மொத்தப் பாதிப்பால் வகுப்பதே செய்தித்தாள்கள் பின்பற்றிய முறை. தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட சுமார் 38,000 இறப்புகளையும் சுமார் 36 லட்சம் பாதிப்புகளையும் வைத்துப் பார்த்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். தொற்று ஓய்ந்த பிறகு இப்படி வகுக்கலாம். அலை ஏறும்போது வகுத்தால் தவறான நிம்மதி கிடைக்கும். இன்று தொற்று உறுதியானவர்களில் இறக்கக்கூடியவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்தே இறப்புப் பட்டியலுக்கு வருவார்கள். இரண்டாம் அலையில் தமிழகத்தின் உச்சப் பாதிப்பான 36,184 பதிவானது 2021 மே 21இல். உச்ச உயிரிழப்பான 493 பதிவானது மே 30இல், பாதிப்பு நன்றாக இறங்கத் தொடங்கிவிட்ட பிறகு. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவியபோது நாள் பாதிப்பு மீண்டும் 30,000ஐத் தாண்டியது. தடுப்பூசியும் முந்தைய தொற்றும் தந்த பாதுகாப்பால் உயிரிழப்பு நாளொன்றுக்குச் சில பத்துகளில் நின்றது. பாதிப்பு எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் அதன் பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

கேள்வி: நான் வாழும் பிரிட்டனில் 2020 ஆகஸ்டில் ஒரே நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. வளர்ந்த நாட்டிலேயே இப்படியென்றால் நாடுகளை எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், லண்டன்

பதில்: அதுவரை இங்கிலாந்தில், தொற்று உறுதியான ஒருவர் பல மாதம் கழித்து எந்தக் காரணத்தால் இறந்தாலும் அது கோவிட் இறப்பாகவே எண்ணப்பட்டது. 2020 ஆகஸ்ட் 12 முதல், தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டுமே எண்ணுவது என்று வரையறையை மாற்றினார்கள். 5,377 இறப்புகள் குறைந்தன. வரையறையை ஒருபுறம் இறுக்கினால் உண்மையான இறப்புகள் சில விடுபடும். தளர்த்தினால் தொடர்பற்றவை உள்ளே வரும். பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் சோதனை செய்யப்படாத சந்தேக இறப்புகளையும் சேர்த்து எண்ணியதால், தொடக்கத்தில் உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்றாகத் தோன்றியது. பெரு நாடு 2021 மே இறுதியில் வரையறையை மறுஆய்வு செய்தபோது, மொத்த உயிரிழப்பு சுமார் 69,000இலிருந்து 1,80,000க்கு மேல் உயர்ந்தது. தன் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகும் என்று தெரிந்தும் அதை அறிவித்த அந்த நேர்மையை நாங்கள் மதிக்கிறோம்.

கணினியும் காலை வாரிவிட்டதுண்டு. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். எண்ணிக்கை விடுபட்டதைவிடப் பெரிய தீங்கு, அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாள் தாமதமானது. அன்றாடக் கணக்கு செய்திக்காக மட்டும் எடுக்கப்படுவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் யாரையோ தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இந்தியாவில் 47 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு, அரசுக் கணக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. நான் எதை நம்ப வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2022 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்டது ‘கூடுதல் இறப்பு’ மதிப்பீடு. வழக்கமான ஆண்டுகளில் எத்தனை பேர் இறப்பார்களோ அதற்கு மேல் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அந்தக் கணக்கு. நேரடித் தொற்றால் இறந்தவர்களும், படுக்கை கிடைக்காமலும் மற்ற நோய்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்காமலும் இறந்தவர்களும் அதில் அடங்குவர். உலகம் முழுவதற்கும் 1 கோடியே 49 லட்சம்; இந்தியாவுக்கு 47 லட்சம். 2021 முடிவில் இந்தியாவின் அதிகாரபூர்வக் கோவிட் உயிரிழப்பு 4.81 லட்சம். கணித மாதிரியை இந்தியாவுக்குப் பொருத்தியது தவறு என்று மத்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. மாதிரிக் கணக்கு என்பதால் பிழைக்கு இடம் உண்டு. 47 லட்சத்தைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இப்போது அரசின் சொந்தப் பதிவேடே நம் முன் இருக்கிறது. 2019இல் பதிவான இறப்புகள் சுமார் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். ஓராண்டில் ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். பதிவு செய்யும் வழக்கம் ஆண்டுதோறும் பெருகிவருவதும் இதில் ஒரு பகுதிக்குக் காரணம். உதவித்தொகைக்குச் சான்று தேவைப்பட்டதால் முன்பு பதியாத குடும்பங்களும் பதிந்திருக்கலாம். அவற்றையெல்லாம் கழித்தாலும், அறிவிக்கப்பட்ட உயிரிழப்பு உண்மையைவிட மிகக் குறைவு என்ற முடிவைத் தவிர்க்க இயலாது. நம் நாட்டில் 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. ஐந்தில் நான்கு பேர் எதனால் இறந்தார்கள் என்பதே பதிவில் இல்லாத இடத்தில், ஒரு புதிய நோய்க்கு எத்தனை பேர் பலியானார்கள் என்று மாலைக்குள் சரியாகச் சொல்லிவிட முடியாது. 2021இன் பதிவு விவரம் வெளிவர நான்கு ஆண்டுகள் ஆனதுதான் எங்களுக்கு வேதனை தருகிறது. அது 2022இலேயே வந்திருந்தால், மாதிரிக் கணக்குகளை வைத்து இத்தனை சண்டை தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: அன்று நாங்கள் பார்த்துவந்த இணையதளங்கள் இப்போது புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய விவரங்கள் எங்கே கிடைக்கும்?
– ஆராய்ச்சி மாணவர், கோவை

பதில்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 ஜனவரி 22இல் தொடங்கிய உலகக் கணக்கு 2023 மார்ச் 10 அன்று நிறுத்தப்பட்டது, அதுவரையிலான தரவு முழுவதும் ‘கிட்ஹப்’ என்ற கோப்புப் பகிர்வு இணையதளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. இந்தியாவில் தன்னார்வலர்கள் மாநிலங்களின் அறிக்கைகளைப் படித்து, நாள்தோறும் மாவட்ட வாரியாகத் தொகுத்த கோவிட்19இந்தியா தளம் 2021 அக்டோபர் முடிவோடு தன் பணியை நிறைவுசெய்தது. ஊதியமின்றி அவர்கள் செய்த அந்தத் தொண்டுதான் பல ஆய்வுகளுக்கு இன்றும் அடிப்படை. தமிழக விவரங்களுக்கு, தொகுத்த அட்டவணைகளோடு நின்றுவிடாமல் துறையின் அசல் செய்திக்குறிப்புகளையும் தேடி எடுங்கள். இறந்த தேதி தனித்துக் குறிக்கப்பட்டிருப்பது அவற்றில்தான். ஆய்வேட்டில் எந்த எண்ணை எழுதினாலும் அது அறிவித்த தேதியா, இறந்த தேதியா என்பதையும், பிற்பாடு சேர்க்கப்பட்ட இறப்புகளை எங்கே வைத்தீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.